ஊருக்கு ஒரு நூலகம் கட்டிய மன்னர்

கிராமத்தில் நூலகம் கட்டப்போகிறார்கள் என்றதும் முதலில் எழுவது புத்தகம் பற்றிய கேள்வி அல்ல. இடம் எங்கே என்பதுதான் முதல் கேள்வி. ஊர்த்தெருவிலா, காலனிக்குப் பக்கத்திலா, இரண்டுக்கும் நடுவே ரோட்டோரமா? அஸ்திவாரம் தோண்டும்போதே, நாளைக்கு யார் உள்ளே வரப்போகிறார்கள் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ராஜ்யம் முழுவதும், ஊர் ஊராக நூலகம் அமைக்கத் திட்டம் போட்ட மன்னர் ஒருவர் இருந்தார். பரோடாவை ஆண்ட மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைப் படித்த மாணவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். வெளிநாட்டில் படிக்க அம்பேத்கருக்கு உதவித்தொகை கொடுத்தவர் என்ற ஒரு வரியோடு நாம் அவரைக் கடந்துபோய்விடுகிறோம். அவர் கிராமங்களுக்கு நூலகம் கொடுத்த கதை நம் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறோம்.

சாயாஜிராவ் அரண்மனையில் பிறந்தவர் அல்ல. 1863-ல் நாசிக் பக்கத்தில் கவளாணா என்ற சிறு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் கோபால்ராவ். கெய்க்வாட் வம்சத்தின் தூரத்துக் கிளை என்பதைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு பெருமை கிடையாது. பரோடாவை ஆண்ட மல்ஹர்ராவை 1875-ல் ஆங்கிலேயர்கள் பதவியிலிருந்து இறக்கினார்கள். முந்தைய மன்னரின் விதவை ஜம்னாபாய் வாரிசு ஒன்றைத் தத்தெடுக்க வேண்டி வந்தது. கவளாணாவிலிருந்து அழைத்துவரப்பட்ட சிறுவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார்களாம். மற்றவர்கள் தயங்க, கோபால்ராவ் மட்டும் ஆள வந்திருக்கிறேன் என்று சொன்னதாகக் கதை. அது நடந்ததோ இல்லையோ, தத்தெடுக்கப்பட்டவர் அவர்தான். அப்போது வயது 12. எழுதப் படிக்கத் தெரியாது.

இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 12 வயதில்தான் அவர் கையில் பலகை வந்தது. மாடு மேய்க்கிற, வயலில் நிற்கிற பிள்ளையின் கண்ணில் எழுத்து எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். பிற்காலத்தில் அவர் செய்த பல காரியங்களுக்கு விதை அங்கே இருக்கிறது என்பது நம் எண்ணம்.

அவருக்கு எலியட் என்ற ஆங்கிலேயர் ஆசிரியராக இருந்தார். மன்னருக்கு வயது வரும்வரை ராஜ்யத்தை நடத்தியவர் நம் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்துவிட்டு பரோடாவுக்குப் போனவர் அவர். இன்னொரு உறவும் உண்டு. சாயாஜிராவின் முதல் மனைவி லட்சுமிபாய், தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துப் பெண். பரோடாவில் இன்றும் நிற்கும் லட்சுமி விலாஸ் அரண்மனை அவர் பெயரைத் தாங்கியது. சரஸ்வதி மகால் நூலகம் இருந்த ஊரிலிருந்து போன அவர், இளம் வயதிலேயே 1885-ல் இறந்துபோனார்.

1881 இறுதியில் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் சாயாஜிராவின் கைக்கு வந்தது. வந்த வேகத்திலேயே தீண்டப்படாத பிள்ளைகளுக்குப் பள்ளிகள் திறந்தார். குஜராத்தில் அவர்களை அந்த்யஜர் என்பார்கள், கடைசியில் பிறந்தவர்கள் என்று அர்த்தம். பள்ளி திறந்தாகிவிட்டது, பாடம் நடத்த யார் வருவது? சாதி இந்து ஆசிரியர்கள் அந்தப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் கால் வைக்க மறுத்தார்கள். முஸ்லிம் ஆசிரியர்களைப் போட்டார் மன்னர். பிறகு ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த பண்டிட் ஆத்மாராமைப் பஞ்சாபிலிருந்து வரவழைத்து, அந்தப் பள்ளிகளையும் விடுதிகளையும் அவர் பொறுப்பில் விட்டார். மன்னர் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட அவரால் சொந்த ஊர்க்காரர்களிடையே கண்டுபிடிக்க முடியவில்லை.

1893-ல் அம்ரேலி பகுதியில் சில கிராமங்களில் கட்டாயக் கல்வியைச் சோதித்துப் பார்த்தார். 1906-ல் அதை ராஜ்யம் முழுமைக்கும் கொண்டுவந்தார். இந்தியாவின் வேறு பெரும்பாலான பகுதிகளில் அப்போது அப்படி ஒரு பேச்சே இல்லை.

அங்கேதான் நூலகத்தின் தேவை தலைகாட்டியது. பிள்ளை நான்கு வகுப்பு படிக்கிறது. பிறகு காட்டுவேலைக்குப் போய்விடுகிறது. வீட்டில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஐந்தாறு வருடத்தில் கற்ற எழுத்து மறந்துவிடுகிறது. அரசாங்கம் செலவழித்த பணம் மண்ணோடு போகிறது. 1906-லும் 1910-லும் அமெரிக்கா போன சாயாஜிராவ், அங்கே சிற்றூர்களில்கூட எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கும் நூலகங்களைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்ட இடத்தில் நூலகம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார். நியூ ஹேவன் நகரில் நூலகராக இருந்த வில்லியம் ஆலன்சன் போர்டனைக் கையோடு பேசி, 1910-ல் பரோடாவுக்கு வேலைக்கு அழைத்துவந்தார். நூலகத்துக்கென்றே தனி இலாகா உருவானது.

போர்டன் மூன்று வருடம்தான் இருந்தார். அதற்குள் திட்டம் முழுவதையும் போட்டுவிட்டார். நடுவில் பரோடா நகரத்தில் ஒரு மத்திய நூலகம். அதற்கு முதல் மூலதனமாக மன்னர் தன் அரண்மனையிலிருந்த சொந்தப் புத்தகங்கள் சுமார் 20,000-ஐ எடுத்துக் கொடுத்தார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரிவு. வேலை தெரிந்த ஆள் வேண்டுமே என்று 1911-ல் நூலகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார்கள். இந்தியாவில் இப்படி ஒரு வகுப்பு நடந்தது அதுதான் முதல் தடவை. பிறகு மத்திய நூலகத்துக்கென எழுந்த கட்டிடத்தில் இரும்பு அலமாரிகளுக்கு நடுவே தளத்துக்குக் கண்ணாடியே போட்டார்கள். மேல்மாடியில் விழும் பகல் வெளிச்சம் கீழ்மாடிவரை இறங்கும். விளக்கு வைத்துப் புத்தகத்துக்குத் தீ பிடிக்கும் பயமும் இல்லை.

கிராமத்துக்கு வருவோம். கதையின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

பரோடா ராஜ்யத்தில் சுமார் 20 லட்சம் பேர் இருந்தார்கள். பரோடா, கடி, நவசாரி, அம்ரேலி என்று நிலம் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. எல்லா ஊருக்கும் கஜானாவிலிருந்து கட்டிக் கொடுக்க முடியாது. அதனால் பங்குக் கணக்கு ஒன்று வைத்தார்கள். ஒரு கிராமத்தார் 25 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால், 100 ரூபாய் மதிப்புள்ள புத்தகங்களை இலாகா கொடுக்கும். ஆண்டுச் செலவுக்கு ஊர் எவ்வளவு திரட்டுகிறதோ அதே அளவு பிராந்தியப் பஞ்சாயத்தும் அரசாங்கமும் போடும். கட்டிடம் கட்டுவதாக இருந்தாலும் அதே கணக்கு: மூன்றில் ஒரு பங்கு ஊர், ஒரு பங்கு பஞ்சாயத்து, ஒரு பங்கு அரசாங்கம். ஊர் தன் பங்கைப் போட்டால்தான் கட்டிடம் எழும். கொடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம்.

கட்டிடம் இல்லாத ஊர்களுக்கும் வழி இருந்தது. பள்ளிக்கூடத்திலோ சாவடியிலோ தர்மசத்திரத்திலோ ஓர் அலமாரி வைத்தால் நூலகம் ஆரம்பம். பள்ளி ஆசிரியரே நூலகர். அதுவும் இல்லாத இடங்களுக்குப் பெட்டி போகும். உறுதியான மரப்பெட்டியில் 15 முதல் 30 புத்தகம்வரை அடுக்கி ரயிலில் அனுப்பிவைப்பார்கள். கூலி அரசாங்கத்தின் பொறுப்பு. படித்து முடித்ததும் பெட்டி திரும்பி வரும், வேறு பெட்டி போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏமாறக்கூடாது என்று படம் காட்டுவதற்குத் தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். ஊர் மந்தையில் திரை கட்டி சினிமாப் படம் காட்டுவார்கள். மக்கள் தரப்பிலும் மோதிபாய் அமீன் என்ற பள்ளி ஆசிரியர், அரசாங்கம் நினைப்பதற்கு முன்பே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக வாசகசாலை தொடங்கிவந்தார். அவரையும் இலாகாவில் சேர்த்துக்கொண்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கான கிராமங்களில் நூலகம் வந்தது.

விதிப்படி நூலகம் எல்லோருக்கும் பொது, கட்டணம் கிடையாது. இவ்வளவு அழகான திட்டத்தை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனாலும் இந்தப் பத்தியை எழுதுகிற நமக்கும் படிக்கிற உங்களுக்கும் சில இடங்களில் கண் நிற்கும். ஊர் தரவேண்டிய மூன்றில் ஒரு பங்கை யார் கொடுத்திருப்பார்கள்? நிலம் உள்ளவர், வட்டிக்கு விடுபவர், வியாபாரி. கொடுத்தவர்தான் கமிட்டியில் உட்கார்வார். அலமாரி எங்கே இருந்தது? சாவடியில், சத்திரத்தில், சாதிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். அந்த்யஜப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே தனி என்று இருந்த ஊரில், சாவடித் திண்ணையில் அவன் ஏறி நின்று புத்தகம் கேட்டிருக்க முடியுமா? விதியில் சாதி எழுதப்படவில்லை. படிக்கட்டில் எழுதப்பட்டிருந்தது.

இதற்குச் சாட்சி தேட நாம் கிராமத்துக்குக்கூடப் போக வேண்டியதில்லை. பரோடா நகரத்திலேயே, மத்திய நூலகம் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஒரு சாட்சி இருக்கிறது.

மெட்ரிகுலேஷன் முடித்த இளைஞர் பீமராவை சாயாஜிராவிடம் அழைத்துப்போனவர் கேளுஸ்கர் என்ற மராட்டிய எழுத்தாளர். மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அதைக்கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து 1912-ல் பி.ஏ. தேறினார் அம்பேத்கர். 1913 தொடக்கத்தில் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தையின் மரணம் அவரைப் பம்பாய்க்குத் திரும்ப வைத்தது. அதே வருடம் அமெரிக்காவில் படிக்க மன்னர் மூன்று ஆண்டுக்கு மாதம் பதினொன்றரை பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார். படித்து முடித்ததும் பத்து வருடம் பரோடாவில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நியூயார்க்கில் அம்பேத்கர் சாப்பாட்டைக் குறைத்துப் பழைய புத்தகம் வாங்கிய கதை பலருக்கும் தெரியும். கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பிறகு லண்டனிலும் நூலகம் திறக்கும்போது போய் மூடும்போது எழுந்து வருவார். அங்கே அவரை யாரும் சாதி கேட்கவில்லை. உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-ல் திரும்பினார். தனியாக வேறு கப்பலில் அனுப்பிய அவருடைய புத்தகங்கள், ஜெர்மானியர் கப்பலைத் தாக்கி மூழ்கடித்ததில் கடலோடு போயின. ஒப்பந்தப்படி பரோடா வந்து சேர்ந்தார்.

பரோடாவில் தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். பார்சிகள் நடத்திய ஒரு விடுதியில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்கினார். நாளுக்கு ஒன்றரை ரூபாய். மாடியில் குப்பையும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடந்த பெரிய கூடம். மின்விளக்கு கிடையாது. சிறு அரிக்கேன் விளக்கு ஒன்றின் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்தார். அலுவலகத்தில் பியூன்கள் கையில் கொடுக்காமல் கோப்புகளை மேசைமேல் எறிந்தார்கள். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு பார்சிகள் கூட்டமாக வந்து அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னார்கள். ஓர் இந்து நண்பரைக் கேட்டார், ஒரு கிறிஸ்தவ நண்பரைக் கேட்டார். இருவர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குத்தான் பம்பாய்க்கு ரயில். அதுவரை ஐந்து மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்தது காமாட்டி பாக் என்ற பூங்காவில். சாயாஜிராவே பொதுமக்களுக்காக உருவாக்கிய பூங்கா அது.

மன்னரிடம் முறையிட்டபோது அவர் திவானைப் பார்க்கச் சொன்னார். திவான் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிரித்தார்.

சாயாஜிராவை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரைப்போல நூறில் ஒரு பங்கு செய்யாத மன்னர்கள் அன்று நாடு முழுக்க இருந்தார்கள். 1918-ல் பம்பாயில் நடந்த தீண்டாமை ஒழிப்பு மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். 1930-ல் லண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில், அவர் படிக்க வைத்த மாணவரும் அவரும் ஒரே சபையில் உட்கார்ந்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் அந்த்யஜருக்கான தனிப் பள்ளிகளை மூடி, பிள்ளைகளைப் பொதுப் பள்ளியிலேயே சேர்க்க பரோடா அரசு உத்தரவு போட்டது. ஊர்களில் பலத்த எதிர்ப்பு. பலர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். ஐம்பது வருடம் ஆண்ட பிறகும் அவ்வளவு தூரம்தான் அவரால் ஊரை நகர்த்த முடிந்தது. 1939 பிப்ரவரியில் அவர் காலமானார்.

கட்டிடத்தை அரசாங்கம் கட்டிவிடலாம், கதவை ஊர்தான் திறக்க வேண்டியிருந்தது என்பது பரோடாவின் அனுபவம். நம் பக்கம் வேறு வழி எடுத்தார்கள். 1931-லேயே மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோனார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் பல வருடம் போராடியதில் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அது. இதில் நன்கொடைப் பங்குக் கணக்கு இல்லை. வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்கிறார்கள். ஊர்த்தெரு மாடிவீடும் கட்டுகிறது, காலனி ஓட்டுவீடும் கட்டுகிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி தனி வரியாக இருக்கும். கிளை நூலகத்துக்கு இடம் தேடும் பேச்சு கிராம சபையில் வரும்போது அந்த ரசீதையும் கையில் கொண்டுபோவது நல்லது. கொடுத்தவன்தான் கமிட்டியில் உட்கார்வான் என்றால் நாமும் கொடுத்தவர்கள்தானே.

அம்பேத்கர் பரோடாவில் வீடு கிடைக்காமல் திரும்பிய பிறகு பம்பாய் தாதரில் ராஜகிருஹம் என்ற வீட்டைக் கட்டினார். 1934 வாக்கில் அங்கே குடிபுகுந்தார். குடும்பத்துக்கு ஒதுக்கிய இடத்தைவிடப் புத்தகத்துக்கு ஒதுக்கிய இடத்தைப் பற்றித்தான் அவர் அதிகம் யோசித்திருக்க வேண்டும். அங்கே ஆயிரக்கணக்கில் சேர்ந்த புத்தகங்கள் பிறகு அவர் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரிக்குப் போயின.

பரோடாவில் மத்திய நூலகம் இன்றும் நடக்கிறது. கண்ணாடித் தளத்தின் வழியாக வெளிச்சம் இன்னும் கீழே இறங்குகிறது. காமாட்டி பாக் இப்போது சாயாஜி பாக். அங்கே அம்பேத்கர் உட்கார்ந்திருந்த ஆலமரத்தடியை சங்கல்ப பூமி என்கிறார்கள். வருடந்தோறும் செப்டம்பர் 23-ம் தேதி மக்கள் அங்கே கூடுகிறார்கள்.